கொடியேற்றிய மறுநாள் விதைத்த நெல்

காலை ஆறு ஐம்பது. போன ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. போர்ட் பிளேர் பஸ் ஸ்டாண்டில் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு குடை. குடைக்குக் கீழே மனிதர் யாரும் இல்லை. ஒரு சாக்கு மூட்டை இருந்தது. குடையைப் பிடித்திருந்த பெண் வெளியே நின்று முழுக்க நனைந்துகொண்டிருந்தாள்.

நான் பேப்பருக்கு எழுதுகிறவன். கேட்காமல் இருக்க முடியுமா?

"மூட்டையில என்னம்மா?"

"விதை நெல்லு, அண்ணாச்சி. கப்பல்ல வந்திருக்கு. நா நனைஞ்சா தொவட்டிக்கிடலாம். இது நனைஞ்சா சாக்குக்குள்ளயே மொளச்சிரும்."

அவள் பெயர் பிலோமினா என்று வைத்துக்கொள்வோம். (இந்தப் பத்தியில் ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரையும் மழையையும் மாற்றவில்லை.) வயது இருபத்திரண்டு. அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே படகு கட்டுகிற தச்சர். மகள் இங்கேயே பள்ளி இறுதி முடித்தவள். தமிழ் வீட்டில் கற்றது. ஹிந்தி தெருவில். வங்க மொழி பள்ளித் தோழிகளிடம். ஆங்கிலம் வாத்தியாரின் பிரம்பிடம்.

வேலை? விவசாய இலாகாவில் இளைஞர் மன்ற அமைப்பாளர். தீவின் கிராமங்களில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்த்து, புது விதை, புது உரம், நாற்று நடும் முறை என்று சொல்லிக்கொடுக்கிற மன்றம். அவள் வேலை தற்காலிகம். ஒரு உத்தரவுக்கு எண்பத்தொன்பது நாள் ஆயுள். தொண்ணூறாவது நாள் அவள் வேலையில் இல்லை. அதற்கு மறுநாள் புது உத்தரவு. இப்படி இரண்டு வருடம்.

"டிசம்பர்ல மெயின்லேண்டுக்கு ட்ரெய்னிங் அனுப்புதாவ, அண்ணாச்சி. பத்து மாசம். போயிட்டு வந்தா பெர்மனென்ட். எங்க வட்டத்துக்கு ஒரே ஒரு சீட்டு. புது ஆபீசர் எழுதிக் குடுக்கணும்."

"எழுதுவாரா?"

"அவரு வந்தே மூணு வாரந்தான ஆவுது? கப்பல்ல வந்தது, இன்னும் தரை ஆடுதுன்னு சொல்லிக்கிட்டிருக்காரு. மொதல்ல நிக்கட்டும்."

புது ஆபீசர் வேதாசலம் பஸ் கிளம்புகிற நேரத்துக்கு வந்து ஏறினார். தஞ்சாவூர்க்காரர். விவசாயக் கல்லூரியில் படித்தவர். வயது முப்பதுக்குள். பளிச்சென்று வெள்ளைச் சட்டை, அதன் மேல் மழைக்கோட்டு, கையில் ஒரு கட்டு துண்டுப் பிரசுரம். நல்ல மனிதர். 'எங்கள் மன்றத்தைப் பற்றி நாலு வரி எழுதுங்கள்' என்று என்னை அழைத்ததே அவர்தான். அவருக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரியும். ஹிந்தி தெரியாது.

சௌல்தாரி கிராமத்தில் கூட்டம் பள்ளிக்கூடத்தின் தகரக் கொட்டகையில். முப்பது நாற்பது பேர். வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் பாதி. மீதியில் ராஞ்சிக்காரர்கள், மலையாளிகள், தெலுங்கர், நம்மவர். எல்லோருக்கும் பொது, தீவின் ஹிந்திதான். தகரத்தின் மேல் மழை கொட்டுகிறது. வேதாசலம் தமிழில் கத்த வேண்டும். பிலோமினா அதை ஹிந்தியில் கத்த வேண்டும்.

"இது குட்டை ரகம். நூத்திப்பத்து நாள் பயிர். இந்த வாரமே நாத்து விட்டுடுங்க. செப்டம்பர் கடைசியில அறுத்துடலாம். அப்புறம் அதே வயல்ல இன்னொரு போகம் பாக்கலாம்."

பிலோமினாவின் முறை. கொட்டகைக்கு வெளியே பார்த்தாள். மழை. திரும்பினாள். ஹிந்தியில் சொன்னாள் –

"சாஹப் சொல்றாரு, இது அவசரக்கார நெல்லு. இப்ப விட்டா செப்டம்பர்ல முத்திடும். செப்டம்பர்ல வெயில் எங்க? கதிரை உங்க தலையில வச்சா காய வைப்பீங்க? விதையை டின்ல போட்டு மூடி, அடுப்புக்கு மேல பரண்ல வைங்க. ஜண்டா ஏத்துற நாளுக்கு மறுநாள் எடுத்து நாத்து விடுங்க. டிசம்பர் வெயில்ல அறுக்கலாம்."

ஜண்டா என்றால் கொடி. அதாவது ஆகஸ்ட் பதினாறு.

என் பென்சில் நின்றுவிட்டது.

நிதாய் என்று ஒரு வங்காளிப் பையன். பத்தொன்பது வயது. முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, அக்கா என்பதற்கு அவர்கள் சொல்கிற 'தீதி'யோடு ஆரம்பித்தான். "தீதி, என் தலையில முடி இருக்கு. எங்க அப்பா தலை நல்ல மொட்டை. அங்க காய வைக்கலாமா?"

கொட்டகையே சிரித்தது. வேதாசலமும் சிரித்தார் – எதற்கென்று தெரியாமல்.

"என்ன கேக்கறான்?"

"காய வைக்க எடம் இருக்கான்னு கேக்கான் சார்."

"நான் சொன்னது நாலு வரி. நீங்க சொன்னது ரொம்ப நீளமா இருந்துதே?"

"ஹிந்தியில கொஞ்சம் சுத்தித்தான் சார் வரணும்."

"ஜண்டா, ஜண்டான்னு ஏதோ..."

"மன்றத்துக் கொடி சார்."

அவர் தலையாட்டினார். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் ஆறு வருடமாக இந்தத் தீவில் இருப்பவன், எனக்கு ஹிந்தி தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

திரும்பி வரும்போது வேதாசலம் முன் சீட்டில் கண்ணயர்ந்துவிட்டார். நான் பின்னால் போய் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"என்னம்மா பண்ணியிருக்கே?"

"போன வருசம் இதே மாதிரி ஒரு குட்டை நெல்லு வந்துச்சு. அப்ப வேற ஆபீசர். ஜூன்ல விடச் சொன்னாரு. சார், செப்டம்பர்ல இங்க மழை கொட்டும், கதிரு மொளச்சிரும்னு சொன்னேன். நீ அக்ரி படிச்சிருக்கியான்னு கேட்டாரு. படிக்கலைன்னேன். அப்ப சொன்னதை மட்டும் சொல்லுன்னாரு. சொன்னேன்..."

"அப்புறம்?"

"நின்ன கதிருலயே மொளச்சிட்டு. பச்சையா தாடி தொங்குன மாதிரி. ரிப்போர்ட்ல விவசாயிகள் அலட்சியம்னு எழுதிட்டாவ. பாதிப் பசங்க மன்றத்த விட்டே போயிட்டாங்க. அவங்க அப்பன்மாரு என்னய ரோட்டுல பாத்தா மூஞ்சியத் திருப்புதாவ. நாந்தான சொன்னேன் அவங்ககிட்ட, என் வாயால?"

"இவர்கிட்டயாவது சொல்லிப் பாத்திருக்கலாமே?"

"கேக்கலன்னா பயிரு போச்சு. கேட்டாருன்னா, ஆபீசருக்கு பாடம் நடத்துனவன்னு என் சீட்டு போச்சு. ரெண்டும் போவாம இருக்க இதான் வழி." முன் சீட்டை எட்டிப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அண்ணாச்சி, எழுதிராதீய. டிசம்பர் வரைக்கும்."

எழுதவில்லை. மன்றத்தைப் பற்றி நான் எழுத இருந்த நாலு வரியையும் எழுதவில்லை. ஆனால் அன்றிலிருந்து நிம்மதியாக இருந்தேன் என்று சொல்ல முடியாது.

வேதாசலம் சொன்னதில் தவறு உண்டா? தஞ்சாவூருக்கு அது வேத வாக்கு. துண்டுப் பிரசுரத்தில் அச்சாகியிருந்ததும் அதுதான். ஆனால் இந்தத் தீவுக்கு எல்லாமே கப்பலில் வருகிறது – அரிசி, சோப்பு, சினிமா, காலண்டர். காலண்டரில் இருக்கிற மழை மட்டும் கப்பலேறி வருவதில்லை. இங்கே மே மாதம் பிடிக்கிற மழை விடுவதற்கு நவம்பர் ஆகும். நான் மட்டும் என்ன? ஒரு மே மாதம் வந்து இறங்கினேன். மழை என்றால் ஐப்பசியில்தானே என்று குடை வாங்காமல் இருந்தேன். இரண்டாவது வாரம் சளி, மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரி. அங்கே பக்கத்துப் படுக்கையில் இருந்தவரும் புதிதாக வந்தவர்தான். மதுரைக்காரர். அவரும் ஐப்பசிக்குக் காத்திருந்தவர்.

ஜூலைக் கடைசியில் வேதாசலம் என் அறைக்கு வந்தார். "நாளைக்கு சௌல்தாரி போறேன். நடவைப் பாக்கணும். வாங்களேன்."

நடவா? விதையே இன்னும் டின்னுக்குள் இருக்கிறதே!

பிலோமினாவுக்கு முன்கூட்டியே தகவல் போயிருந்தது. எங்களை நேராக நிதாயின் அப்பா வயலுக்கு அழைத்துப் போனாள். நட்டு ஒரு வாரமான நாற்று, நன்றாக வேர் பிடித்து நின்றது. எல்லாம் இங்கே வழக்கமாகப் போடுகிற நெட்டை நெல். நிதாய் வரப்பில் நின்று, மிலிட்டரிக்காரன் மாதிரி ஒரு சல்யூட் வைத்தான்.

"இதுதான் சார் நம்ம மன்றத்து வயல்" என்றாள் பிலோமினா. குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை.

வேதாசலம் செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கினார். குனிந்தார். ஒரு நாற்றின் இலையை விரலால் நீவினார். அதன் அடித்தண்டைப் பிடித்துப் பார்த்தார். இன்னொன்று. மற்றொன்று. எனக்கு அந்த ஐந்து நிமிடம் அரை மணியாக ஓடிற்று. பிலோமினா தன் கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா வந்திருக்கு" என்றார். மேலே ஏறி, காலைக் கழுவிக்கொண்டு, பஸ்ஸுக்கு நடந்தார்.

அவ்வளவுதான். அவருக்குத் தெரியவில்லையா? தஞ்சாவூர் மிராசு வீட்டுப் பிள்ளை அல்ல அவர். நாற்று முடியைத் தோளில் சுமந்த வீட்டுப் பிள்ளை. குட்டைக்கும் நெட்டைக்கும் வித்தியாசம் தெரியாதா? தெரிந்தால் ஏன் சும்மா இருக்கிறார்? பிலோமினா அதற்கடுத்த இரண்டு வாரத்தில் என் அறைக்கு மூன்று தடவை வந்தாள். மூன்று தடவையும் ஒரே கேள்வி. "அண்ணாச்சி, சார் ஏதாவது சொன்னாரா?"

சொன்னார். ஆகஸ்ட் பதினைந்து, கொடியேற்றம் முடிந்து மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தபோது என் காதருகே வந்தார்.

"நாளைக்குக் காலையில முதல் பஸ். சௌல்தாரி. விதைக்கறதைப் பாக்க வேண்டாமா?"

மறுநாள் நாங்கள் போய் இறங்கியபோது ஏழெட்டு மண்ணெண்ணெய் டின்கள் வரப்பில் வரிசையாக இருந்தன. பையன்களும் பெண்களும் முழங்கால் சேற்றில் நாற்றங்காலைச் சமன் செய்துகொண்டிருந்தார்கள். முதலில் பார்த்தவன் நிதாய். "தீதி..." என்றான். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவனுக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

பிலோமினா சேற்றிலிருந்து ஏறி வந்தாள்.

"இன்னிக்குத்தானே தேதி?" என்றார் வேதாசலம்.

"ஆமா சார்."

"ஜண்டான்னா கொடின்னு பஜார்ல கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். மன்றத்துக்குக் கொடியே கிடையாது. மறுநாள்ங்கறதை மன்றத்துத் தமிழ்ப் பையன் ஒருத்தன் சொல்லிட்டான்."

அவள் கையிலிருந்த சேற்றை வழித்து எறிந்தாள்.

"ஜூலையில காட்டினீங்களே ஒரு வயல்... எங்க ஊருக்கு ஆபீசர் வந்தா எங்க அப்பாவும் வேற வயலைத்தான் காட்டுவார். அதான் நான் வாயைத் திறக்கல. திரும்பிப் போயி ஆபீஸ்ல இருக்கற மழை ரிஜிஸ்டரை எடுத்தேன். பழசெல்லாம் புரட்டினேன். செப்டம்பர் பக்கம் ஒண்ணுல கூட வெயிலுக்கு இடமே இல்ல." மூச்சு விட்டார். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா கேட்டிருப்பியளா சார்?"

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

"ஜூன்லயா? கேட்டிருக்க மாட்டேன்."

"பின்ன என்ன சார்?"

நிதாய்க்கு உயிர் வந்தது. "தீதி, சாஹப் திட்றாரா, இல்லையா? கொஞ்சம் சுருக்கமா மொழிபெயர்த்துச் சொல்லு!"

அன்று வேதாசலமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி விதைத்தார். கையை வீசி, விரல் இடுக்கில் நெல்லை ஓட விட்டு, ஒரே சீராக. பையன்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். சாஹப்புக்கு விதைக்கத் தெரியும் என்பது அவர்களுக்குப் புதுச் செய்தி.

இத்தோடு இந்தக் கதை முடிந்திருக்கலாம். முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

செப்டம்பர் முதல் வாரம். மேலிடத்திலிருந்து ஒரு கடிதம். புது ரக நெல்லின் அறுவடையைப் பார்க்கப் பெரிய அதிகாரி சௌல்தாரிக்கு வருகிறார், போட்டோகிராபரோடு. வயலில் அப்போது என்ன இருக்கும்? பச்சைப் பயிர். ஜூனில் விதைத்ததாக வேதாசலம் அறிக்கை அனுப்பியிருக்கிறார் – அப்போது அவர் நம்பியது அதுதான்.

மறைக்கலாமா? பயிர் நோய் என்று எழுதலாமா? அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதினார். மூன்று பக்கம், ஆங்கிலத்தில். எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"நீங்க பேப்பர்ல இருந்தவர். ஒரு பார்வை பாத்துக் குடுங்க. இதுல அந்தப் பொண்ணோட சீட்டும் இருக்கு. படிச்சதும் அவங்களுக்குப் புரியணும்."

படித்தேன். முதல் பக்கம் முழுக்க மழை. மாதவாரியாக மழை. இரண்டாம் பக்கம் தீவின் வெயில், கதிர் முளைப்பதன் விஞ்ஞானம். மூன்றாம் பக்கத்தின் நடுவில்தான், அமைப்பாளர் பிலோமினா இதையெல்லாம் அனுபவத்தால் அறிந்து சரியான தேதியைச் சொன்னார், என்னிடம் முன்கூட்டித் தெரிவிக்கவில்லை, ஆனால் அவர் செய்ததே சரி, பயிற்சிக்கு இவரையே அனுப்ப வேண்டும் என்று வருகிறது.

எனக்குக் கை அரித்தது. பதினோரு வருடம் செய்தி மேஜையில் உட்கார்ந்தவன். நடந்தது என்ன? முதலில் அதைச் சொல். காரணம் அப்புறம். கருத்து கடைசியில். இதைத்தானே சொல்லிச் சொல்லி எத்தனை பேரை அழ வைத்திருக்கிறேன்?

பேனாவை எடுத்தேன். மூன்று பக்கத்தை ஒன்றரைப் பக்கமாக்கினேன். முதல் வரி இப்படி வந்தது: 'ஜூன் மாதம் விதைக்கும்படி நான் கூறியதை, அமைப்பாளர் எனக்குத் தெரிவிக்காமல் ஆகஸ்ட் மாதம் என மாற்றிக் கூறினார்.' அடுத்த பத்தி: 'அவர் முடிவே சரியானது.' அதன்பின் மழை. கடைசியில் சிபாரிசு.

"பிரமாதம்! இப்பத்தான் தெளிவா இருக்கு" என்றார் வேதாசலம். டைப் அடித்து அனுப்பினார்.

எனக்கும் அன்று திருப்தியாகத்தான் இருந்தது. தெளிவான வாக்கியம் ஒன்றை எழுதிவிட்டால் வருகிற திருப்தி.

பத்தாம் நாள் கடிதம் திரும்பி வந்தது. முதல் பத்திக்கு எதிரே ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டே வார்த்தை: 'விளக்கம் கேட்கவும்'. மற்ற பத்திகளின் ஓரத்தில் எதுவும் இல்லை. சுத்தமான வெள்ளைக் காகிதம்.

பிலோமினாவிடம் விளக்கம் கேட்டார்கள். அதிகாரியின் அறிவுரையை அவருக்குத் தெரியாமல் மாற்றியது ஏன்? அவள் ஒரே வரியில் பதில் எழுதினாள். 'ஐயா, செப்டம்பரில் மழை பெய்யும்.'

அது திமிர் என்று எடுத்துக்கொள்ளப்பட்டதாகக் கேள்வி.

அவளை யாரும் வேலையை விட்டு நீக்கவில்லை. அதற்கு அவசியமே இல்லை. அக்டோபரில் எண்பத்தொன்பது நாள் முடிந்தது. தொண்ணூறாவது நாள் வழக்கம்போல் வேலை இல்லை. அதற்கு மறுநாள் உத்தரவு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை... அவ்வளவுதான்.

வேதாசலம் இரண்டு முறை நேரில் போய்ப் பேசினார். 'கடிதத்தை முழுக்கப் படியுங்கள்' என்று சொன்னாராம். 'படித்தோம்' என்றார்களாம்.

நான் பிலோமினாவின் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா வெளியே ஒரு படகின் விலாப் பலகையை இழைத்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளேயிருந்து வந்து ஒரு முக்காலியைப் போட்டாள்.

"அந்தக் கடிதத்தோட முதல் வரி வேதாசலம் எழுதினதில்லம்மா. நான் எழுதினது. அவர் அதை மூணாம் பக்கத்துல, நாலு நல்ல வார்த்தைக்கு நடுவுல வச்சிருந்தார். நான்தான் எடுத்து மேல போட்டேன்."

என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். இழைப்புளியின் சத்தம் நின்றது. அப்பாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"தெளிவா இருக்கட்டும்னு."

"தெளிவாத்தான் இருக்கு." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நா என்னன்னா சார் சொன்னத மாத்திச் சொல்லி பயிர காப்பாத்துனேன். நீங்க அவரு சொன்னதயே மாத்தாம சொல்லி என்னய மாட்டி விட்டுட்டிய."

நான் கீழே கிடந்த மரச் சீவலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி விடுங்க. மூஞ்சிய அப்படி வைக்காதிய, பாக்க சகிக்கல. தேத்தண்ணி குடிக்கியளா?"

குடித்தேன். அதில் சர்க்கரை இருந்ததா என்று இன்றுவரை தெரியாது.

நாம் எல்லோரும் எதையும் முழுக்கப் படிப்பவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் முதல் வரியைப் படிக்கிறோம். அதில் கோபப்பட ஏதாவது இருந்தால் அங்கேயே இறங்கிவிடுகிறோம். அதற்கு மேல் பஸ் போகிற ஊரெல்லாம் நமக்கு வேண்டியதில்லை. மழையை முன்னால் வைத்துச் சுற்றி வளைத்து எழுதிய வேதாசலத்துக்கு அலுவலகம் என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. எனக்குப் பத்திரிகை மட்டும்தான் தெரிந்திருந்தது.

வேலை போன பிறகும் பிலோமினா சனிக்கிழமைகளில் சௌல்தாரிக்குப் போவதை நிறுத்தவில்லை. பஸ் டிக்கெட் அவள் கைக்காசு. "நட்டது யாரு? நாங்கதான? பாதியில விட்டுட்டு வர முடியுமா?"

செப்டம்பரில் ஒத்திப்போட்ட வருகையைப் பெரிய அதிகாரி டிசம்பர் இரண்டாவது வாரத்தில் வைத்துக்கொண்டார். போட்டோகிராபரும் வந்தார். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. வயலில் குட்டை நெல் சாயாமல், தலை கனத்து, ஒரே மட்டமாக நின்றது. போன வருடம் மன்றத்தை விட்டுப் போன பையன்களின் அப்பாமார்களும் வரப்புக்கு வந்திருந்தார்கள். அறுத்து, அடித்து, எடை போட்டார்கள். முதல் இடம் நிதாய் குட்டை நெல் போட்டிருந்த துண்டு வயலுக்கு. பெரிய அதிகாரி ஒரு கதிர்க்கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்.

பிறகு கொட்டகையில் பேசினார், ஆங்கிலத்தில். அதை ஹிந்தியில் சொல்ல ஆள் வேண்டும். இலாகாவில் யார் இருக்கிறார்கள்? கூட்டத்தில் ஓரமாக நின்ற பிலோமினாவை வேதாசலம் கை காட்டினார். அவள் யார் என்று பெரியவர் கேட்கவில்லை.

"விதைக்கும் தேதி விஷயத்தில் எப்போதும் அதிகாரிகள் சொல்வதை அப்படியே கேளுங்கள். அதன் பலனை இன்று கண்ணால் பார்க்கிறீர்கள்" என்றார் பெரியவர்.

பிலோமினா இம்முறை ஒரு சொல்லைக்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அப்படியே சொன்னாள்.

கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. நிதாய் பெஞ்சைத் தட்டினான். பெரியவர் மகிழ்ந்து போய், இளைஞர்களின் உற்சாகத்தைப் பாராட்டினார். அதையும் அவள் மொழிபெயர்த்தாள்.

அன்று மாலையே வேதாசலம் பயிற்சி சீட்டுக்கு அவள் பெயரை மறுபடி எழுதி நேரில் கொடுத்தார். விதி என்று ஒன்றைக் காட்டினார்கள். இலாகா ஊழியராக இருந்தால், டிசம்பர் முதல் தேதியன்று வேலையில் இருந்திருக்க வேண்டும். அவள் இல்லை. ஊழியர் யாரும் தகுதி பெறாவிட்டால், முதல் இடம் பெற்ற மன்ற உறுப்பினர் ஒருவரை அனுப்பலாம். அதுவும் இல்லையென்றால் சீட்டு வேறு வட்டத்துக்கு, திக்லிபூருக்குப் போகும். இரண்டு நாள் அவகாசம்.

மறுநாள் காலை வேதாசலம், நான், பிலோமினா மூவரும் அவர் அலுவலகத் தாழ்வாரத்தில் நின்றோம். அவர்தான் பேச்செடுத்தார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"சீட்டை விட்டுடலாம். திக்லிபூருக்கே போகட்டும். இதுல வேற யார் பேரையும் எழுத எனக்குக் கை வரல."

"நல்லாருக்கு சார்!" என்றாள் அவள். "திக்லிபூர்ல படிச்சிட்டு வாரவன் சௌல்தாரிக்கு வந்து சொல்லுவானா? போயிட்டு வந்தா இங்க ஒரு ஆளு பெர்மனென்டா இருப்பான். செப்டம்பர்ல மழை பெய்யும்னு தெரிஞ்ச ஆளு. நிதாய் எட்டாவது பாஸ். அவன எழுதுங்க."

"உங்களுக்கு?"

"எனக்கென்ன சார்? எனக்குத்தான் நாலு பாஷை இருக்கே..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. தாழ்வாரத்துத் தூணைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். திரும்பியபோது குரல் சரியாக இருந்தது. "ஃபாரம் எங்க இருக்கு சார்?"

இதை எழுதட்டுமா என்று நான் கேட்டது அதற்கு ஒரு வாரம் கழித்து. "இப்ப எழுதுங்க அண்ணாச்சி. மொத வரிய மட்டும் பாத்து எழுதுங்க" என்றாள்.

போன புதன்கிழமை பகல் இரண்டு மணிக்குக் கப்பல் புறப்பட்டது. நிதாய் அதில் போனான். ஆங்கிலத்தில் இருந்த அவனுடைய விண்ணப்பம் முழுவதும் பிலோமினாவின் கையெழுத்து. கடைசியில் உள்ள கையொப்பம் மட்டும் அவனுடையது.